பல் செட்டின் உள்பக்கம்

“23.11.2006. பெண், வயது 54. மேல் செட், கீழ் செட். பழக்கம்: தேநீர் உண்டு. வெற்றிலை இல்லை (நேர்த்திக்கடன்). 11.05க்குக் கரண்ட் போனது. ஸ்டவ்வில் வைத்து முடித்தேன். 1.40க்கு எடுத்தேன்.”

என் வேலைப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. போர்ட் பிளேரில் ஷாதிபூர் பக்கம் இருந்த ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபது வருடங்களுக்கு மேல் பொய்ப்பல் செய்தேன். டாக்டர் வாயில் அளவெடுத்துக் கொடுப்பார். அச்சு வார்ப்பது, மெழுகில் பல் அடுக்குவது, மெழுகை உருக்கிவிட்டு அந்த இடத்தில் ஈறு நிற அக்ரிலிக்கை நிரப்பி வேகவைப்பது, தேய்த்து மெருகு போடுவது எல்லாம் என் பொறுப்பு. எல்லோரும் என்னை மாஸ்டர் என்பார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் நாளும் நேரமும் எழுதி வைப்பேன். யாரும் கேட்டு எழுதியதில்லை. எழுதாவிட்டால் அந்த நாள் நடக்காதது போல இருக்கும்.

வீட்டில் இன்னொரு நோட்டு இருந்தது. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, வீடு இருந்த மின்னி பேயில் எத்தனை நாள் மழை, என்ன புத்தகம் படித்து முடித்தேன் என்பதெல்லாம் அதில் போகும். சுனாமிக்குப் பிறகு நில அதிர்வுகளும் சேர்ந்துகொண்டன. கட்டில் ஆடினால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன். பிறகுதான் வெளியே ஓடுவேன்.

மேலே சொன்ன பெண்மணி நிக்கோபாரின் கச்சால் தீவிலிருந்து வந்தவர். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தவர். கணவரும் அதே தோட்டத்தில் பால் வெட்டினார். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போன கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அலை தூக்கி எறிந்ததில் இவருக்கு முன்பற்கள் உடைந்துபோயின. மிச்சமிருந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி விழுந்தன. கணவரின் தங்கை குடும்பத்தோடு சேர்ந்து போர்ட் பிளேருக்கு வெளியே இருந்த தகர ஷெட் முகாமில் குடியிருந்தார்.

மெழுகுப் பற்களை வாயில் வைத்துச் சரிபார்க்கும் நாளன்று, பழக்கம் என்ற கட்டத்தை நிரப்புவதற்காகக் கேட்டேன்.

“வெத்தில உண்டாக்கா?”

“பத்து வயசுலேருந்து போட்டதுங்க. தோட்டத்துல அட்டைக்குத் தடவ சுண்ணாம்பு கொண்டுபோவோம். அப்பிடியே வெத்தில போட்டுப் பழகிருச்சு. இப்ப இல்ல. செய்தி வர்ற வரைக்கும் தொடமாட்டேன்னு முருகங்கிட்ட சொல்லிட்டேன். இருக்காருன்னு வந்தாலும் சரி, இல்லேன்னு வந்தாலும் சரி, தெரிஞ்சப்புறம்தான் வெத்தில.”

கூட வந்திருந்த நாத்தனார் பெஞ்சிலிருந்தே பேசினார். குரல் கணீரென்று இருக்கும். “பாருங்க மாஸ்டர், எங்கண்ணனுக்கு ஒரு கருமாதி பண்ண விடமாட்டேங்குது இந்த மதினி. ரெண்டு வருசமாச்சு. தாலியக் கழட்டமாட்டேன்னு ஒரே பிடி. நாங்களும் சரின்னுட்டோம். வெத்திலயத் தொடாம இருக்கிற வரைக்கும் நாங்க அந்தப் பேச்சே எடுக்கிறதில்லேன்னு வாக்குக் குடுத்துட்டோம்.”

“எனக்கு இல்லீங்க, முருகனுக்குக் குடுத்த வாக்கு” என்று திருத்தினார் அந்தப் பெண்மணி.

இதையெல்லாம் அன்று மாலையே வீட்டு நோட்டில் எழுதினேன். யார் சொன்னது, எந்த வார்த்தையில் சொன்னது என்பது உட்பட. இத்தனையும் தெரிந்தவன்தான் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அக்ரிலிக் வேலையில் பொறுமைதான் பாதி. பவுடரையும் லிக்விடையும் கலந்து மாவுபோல ஆனதும் அச்சில் அடைத்து, இரும்புக் கூட்டில் இறுக்கி, வெந்நீரில் வைக்க வேண்டும். தண்ணீர் மெல்லச் சூடேற வேண்டும். சில மணி நேரம் கொதிக்காத சூட்டில் நின்று, கடைசியில்தான் கொதிக்க வேண்டும். பிறகு அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிட வேண்டும். சட்டென்று கொதித்தால் உள்ளே இருக்கும் லிக்விட் ஆவியாகிக் குமிழ் விடும். கனமான இடத்தில் ஊசிமுனைத் துளைகளாக அது நின்றுவிடும். பார்த்தவுடன் தெரியாது. தெரிய மாதங்கள் ஆகும். குடிப்பது, தின்பது, கழுவும் தண்ணீர் என எதுவானாலும் அந்தத் துளைக்குள் இறங்கி நிறமாகத் தங்கிவிடும். இது எனக்குத் தெரியும். புதிதாக வந்த டாக்டர்களுக்கே நான் இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அன்று கரண்ட் போனது உண்மை. ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் மெதுவாக வேகவைக்க முடியும். அதற்கு முன்பும் பலமுறை செய்திருக்கிறேன். மாலை வரை உட்கார்ந்திருந்தால் போதும். வேலைப் பதிவேட்டில் இல்லாத காரணம் வீட்டு நோட்டில் இருக்கிறது: “23.11.2006. 3.10க்கு ஃபீனிக்ஸ் பே. பார்சல் கிடைத்தது. ஒன்பது புத்தகங்கள். ஒன்று நனைந்திருந்தது.”

மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த புத்தகங்கள். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் பார்சல் அலுவலகத்தை நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். மறுநாள் போயிருந்தாலும் கிடைத்திருக்கும். முந்தின கப்பலில் வராததால் நான் பத்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். ஸ்டவ்வைப் பெரிதாக வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எடுத்து, பச்சைத் தண்ணீரில் காட்டி, அச்சை உடைத்து, தேய்த்து, வெளிப்பக்கத்துக்கு மட்டும் பளபளவென்று மெருகு போட்டேன். மறுநாள் அந்தப் பெண்மணி வந்து போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். “எங்க வீட்டுக்காரர் வந்தா அடையாளம் தெரியணுமே” என்றார். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த பதினைந்து மாதங்கள் அவரை நான் நினைக்கவில்லை.

எனக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது. செட்டில் படிந்த கறையைப் பார்த்தே ஆளின் பழக்கத்தைச் சொல்வேன் என்று. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்துவிட்டு, இது பால் சேர்க்காத கட்டன் சாய், இது பீடி, இது மஞ்சள் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். இந்த ஊரில் வெற்றிலை, டீ, பீடி என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னால் எப்படியும் சரியாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் கைதட்டுவார்கள். அதற்காகவே பின்னறையிலிருந்து வெளியே வந்து, ஆட்கள் பார்க்கும்படி நின்று சொல்வேன்.

11.2.2008 காலை. பெஞ்சில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தெலுங்குக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலியிலும் வாய் ஓயாதவர்.

“அரே மாஸ்டர், மேரா பி தேகோ, என்னதையும் பாரு. நேத்து நைட் என்ன சாப்ட்டேன், பல்லப் பாத்துச் சொல்லு.”

“உன் பல்லு எதுக்கு? சட்டையப் பாத்தாலே தெரியுதே. மீன் கொழம்பு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தப் பெண்மணி வந்து, செட்டைக் கழற்றி, கழுவி என் கையில் வைத்தார். பின்னால் நாத்தனார். பார்த்த முகமாகத் தெரிந்தது. யார் என்று யோசிக்கவில்லை. பதிவேட்டை எடுக்கவும் இல்லை.

“இந்தக் கலரு எப்பிடியோ ஏறுதுங்க. எவ்வளவு தேச்சும் போகமாட்டேங்குது” என்றார்.

ஈறுத் தட்டு செம்பழுப்பாக மாறியிருந்தது. பற்களின் அடியோரத்தில் ஒரு கோடு. நான் வெளிச்சத்தில் பிடித்தேன். சுரண்டினேன். முகர்ந்தேன். கிரேன்காரர் வலியை மறந்து எட்டிப் பார்த்தார்.

“வெத்தில. செவக்கப் போடுற காசுக்கட்டியும் சேத்து” என்றேன்.

“இல்லீங்க மாஸ்டர். ஷெட்டுல தண்ணி அப்பிடி. டிரம்முல பிடிச்சு வச்சா செம்மண்ணு மாதிரி நிக்குது. சோறே கலரா...”

“தண்ணியில இந்தக் கலர் வராதுக்கா. எத்தன வருசமா பாக்குறேன். நாம மறைச்சாலும் பல்லு காட்டிக் குடுத்துரும்.”

“பக்டா கயா!” என்று கிரேன்காரர் தொடையில் தட்டினார். மாட்டிக்கிட்டாங்க என்று தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

பெண்மணி பதறி வேகமாக ஏதோ சொன்னார். பல் செட் என் கையில் இருந்தது. பல்லில்லாத வாயிலிருந்து சொற்கள் காற்றாக வந்தன. இன்னொரு முறை சொன்னார். அதுவும் எனக்கு விளங்கவில்லை. உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. அவர் ஒரு கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார். அவருடைய பற்களைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் சொல்வது புரியாமல் நான் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நாத்தனார் சிரிக்கவில்லை. முன்னால் வந்தார்.

“காசுக்கட்டியுமா மாஸ்டர்?”

“ஆமா.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா.”

அவர் மதினியைத் திரும்பிப் பார்க்கவில்லை. போய் பெஞ்சின் அடுத்த ஓரத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு யார் என்று நினைவு வந்தது. நேர்த்தி, கருமாதி, வாக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. “மெருகு போட்டுத் தர்றேன், இருங்க” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனேன்.

தேய்க்கும் சக்கரத்தில் வைத்ததும் பல்லோரக் கோடு போய்விட்டது. அது மேற்படிவு. டீயில்கூட வரும். தட்டின் நிறம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அடியில் அதே பழுப்பு. அப்போதுதான் செட்டைத் திருப்பினேன். அண்ணத்தில் ஒட்டும் பக்கத்தை நாங்கள் மெருகு போடுவதில்லை, அளவு மாறிவிடும். அந்தப் பக்கம் பின்னால் கனமாக இருக்கும் இடத்தில் ஊசிமுனைத் துளைகள் நிறைய இருந்தன. ஒவ்வொரு துளையிலும் ஒரு பழுப்புப் பொட்டு. வெற்றிலைக்காரர்களின் செட் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சரியாக வெந்த செட்டில் வெளியேதான் சிவந்திருக்கும். உள்பக்கம் ஏறக்குறைய செய்தபோது இருந்தது போலவே இருக்கும்.

பதிவேட்டை எடுத்தேன். பக்கத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். வெற்றிலை இல்லை. 11.05. 1.40. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 12.35. கதவைத் தாண்டினால் பெஞ்ச். இருவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் விட்டு. கிரேன்காரரும் இருந்தார்.

“தப்பா சொல்லிட்டேன். செஞ்சதே சரியில்ல” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கிரேன்காரர் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்.

நான் செட்டைத் துடைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். “இப்ப பரவால்ல. இனிமே பாத்து நடந்துக்கங்கக்கா” என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. அதனால் அது லேசாகிவிடுமா என்று பல வருடம் பார்த்துவிட்டேன், ஆகவில்லை.

மதிய டீயின்போது டாக்டரம்மா, இங்கேயே பிறந்து வளர்ந்த மலையாளி, “அந்தக் கச்சால் அம்மாவுக்கு என்ன மாஸ்டர்?” என்று கேட்டார்.

“பான் ஸ்டெயின்” என்றேன். அவர் கார்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

என்னைப்போல நிறையப் படிக்கிற ஆட்களுக்கு ஒரு கெட்ட வழி உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல், அதைப் பற்றி ஆராயத் தொடங்குவோம். அதற்கு இரண்டு நாள் கழித்து எட்டு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன். அக்ரிலிக்கில் எட்டு சிறு துண்டுகள் செய்தேன். நான்கு துண்டுகள் முறைப்படி மெதுவாக வெந்தவை. நான்கு துண்டுகளை அன்று செய்ததுபோலவே ஸ்டவ்வைப் பெரிதாக வைத்து எடுத்தேன். கட்டன் சாய், மஞ்சள் தண்ணீர், இடித்த வெற்றிலை பாக்கு காசுக்கட்டிச் சாறு, துருப்பிடித்த ஆணிகள் ஊறிய தண்ணீர் என்று நான்கு வகை. வகைக்கு இரண்டு பாட்டில். சீட்டு ஒட்டி, தேதி போட்டு, அலமாரியில் வைத்தேன். முகாமின் டிரம் தண்ணீரை எடுத்து வந்திருந்தால் அதுதான் சரியான சோதனை. அதற்கு முகாமுக்குப் போக வேண்டும். ஆணி சுலபம்.

ஆறு வாரம் பார்த்தேன். மெதுவாக வெந்தவற்றில் மஞ்சள் கொஞ்சம் ஏறியது. வெற்றிலைச் சாறு மேலே படிந்தது, துணியால் துடைத்தால் வந்துவிட்டது. அவசரத்தில் வெந்தவை எல்லாவற்றிலும் நிறம் ஆழமாக இறங்கியது. மஞ்சளை மட்டும் தனியாக அடையாளம் காண முடிந்தது. சாய், வெற்றிலை, துரு மூன்றும் ஒரே செம்பழுப்பு. டாக்டரம்மாவிடம் துண்டுகளை வெளியே எடுத்துக் கழுவி, நான் பார்க்காதபோது இடம் மாற்றி வைக்கச் சொன்னேன்.

“க்யா மாஸ்டர், சயின்டிஸ்ட் ஆயிட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே மாற்றி வைத்தார். எதற்கு என்று நான் சொல்லவில்லை.

வெளிச்சத்தில் பிடித்தேன், சுரண்டினேன், முகர்ந்தேன். மூன்று முறை செய்தேன். வெற்றிலை என்று ஒருமுறை துருவைக் காட்டினேன், ஒருமுறை சாயைக் காட்டினேன். மூன்றாம் முறை சரியாகச் சொன்னேன், அது குருட்டாம்போக்கு. என் பெயரெல்லாம் அவ்வளவுதான். துளை விழுந்த செட் எதைக் குடித்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஜன்னலோரம் நின்று நிச்சயமா என்றேனே, அதற்கு அடிப்படையே இல்லை.

இந்த ஆறு வாரத்தில் முகாமுக்குப் போகவே இல்லையா என்றால், வீட்டு நோட்டில் இப்படி இருக்கிறது. 19.2: பஸ் ஸ்டாண்டு வரை போனேன், திரும்பினேன். 2.3: முகாம் ஸ்டாப்பில் இறங்கினேன், கடையில் வாழைப்பழம் வாங்கினேன், அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். 16.3: மழை. வாழைப்பழத்தைப் பார்த்து மனைவி, “இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?” என்று கேட்டாள். நல்ல பழம் என்றேன். மாதா கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது கோபப்பட்டது, பொறாமைப்பட்டது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இது பல் செட் விஷயம், சாமியாருக்கு விளங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் டாக்டரம்மா ஒரு கார்டைத் தனியே எடுத்து வைத்தார். “கச்சால் கேஸ் இனி வராது மாஸ்டர். அங்க வீடு ரெடியாம். வெள்ளிக்கிழமை ஷிப்.”

4.4.2008 காலை ஒன்பதே முக்காலுக்கு நான் ஃபீனிக்ஸ் பேயில் இருந்தேன். கப்பல் ஜெட்டியில் கட்டப்பட்டு நின்றது. இன்னும் ஆளேற்றவில்லை. ஒலிபெருக்கியில் இந்தியில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூட்டை, பாய், பாத்திரம், கோழிக்கூடை என்று ஜெட்டி நிறைந்திருந்தது. கூட்டத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெண்மணியின் கழுத்து. அதில் ஒன்றும் இல்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்து, மடியில் சின்ன இரும்பு உரலை வைத்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வாயில் செட் இல்லை.

குழாயடியில் நாத்தனார் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம்தான் முதலில் போனேன். அந்தப் பெண்மணியிடம் போக எனக்குத் துணிவில்லை.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு. செட்டு செஞ்சதுல கோளாறு. நான்தான் அவசரமா செஞ்சேன். எந்தக் கலர் பட்டாலும் அதுல ஏறும். வெத்திலதான்னு சொல்ல முடியாது.”

அவர் கேன் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எப்பத் தெரிஞ்சுது?”

“அன்னைக்கே.”

“அன்னைக்கே!” குழாயை மூடினார். “இப்ப வந்து சொல்றீங்களே மாஸ்டர், கப்பல் ஏறப் போறப்ப. மாசி கடைசியில எல்லாம் முடிஞ்சுபோச்சு. எங்கண்ணனுக்குக் கருமாதி பண்ணியாச்சு. தாலியக் கழட்டியாச்சு.”

“தப்புதான்...”

“சண்டையின்னா அப்பிடி ஒரு சண்ட. ஷெட்டே கேட்டுச்சு. மூணு நாள் முருகன் மேல சத்தியம் பண்ணுச்சு, இல்ல இல்லன்னு. பல் டாக்டரு ஆஸ்பத்திரியிலயே சொன்னப்புறம் எங்க சத்தியம்னேன். நாலாம் நாள் காலையில எந்திரிச்சு, ஆமா போட்டேன், விடுங்கன்னுச்சு. அதுவே சொல்லிருச்சு மாஸ்டர். அப்புறம் நீங்க வந்து இல்லேன்னா எப்பிடி?”

அந்த நொடியில் எனக்குள் ஒன்று இளகியது. அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படியானால் நான் சொன்னது சரிதானே, துளை என்னுடையதாக இருந்தாலும் நிறம் வெற்றிலையுடையதுதானே என்று மனசு கணக்காக ஓடியது. ஒரு பெண் மூன்று நாள் சத்தியம் செய்துவிட்டு நாலாம் நாள் ஓய்ந்துபோன கதையைக் கேட்டுக்கொண்டே நான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணியிடம் போனேன். அவர் இடிப்பதை நிறுத்தவில்லை.

“அக்கா, புது செட்டு செஞ்சு கப்பல்ல அனுப்பிவிடுறேன். அளவு எங்கிட்ட இருக்கு. இந்தத் தடவ நல்லா...”

“வேணாம் மாஸ்டர்.” இடித்ததை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார். பல் இல்லாமலே அன்று பேசியதைவிடத் தெளிவாகப் பேசினார். “இடிச்சுப் போட்டா போதும். பல்லுன்னு ஒண்ணு இருந்தா நீங்க வேற என்னமாச்சும் கண்டுபிடிப்பீங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சிரித்தது நியாயம்தான்.

“தப்பு எம்மேலதாங்கா. நாத்தனாருகிட்டயும் சொல்லிட்டேன்.”

“கேட்டுச்சு. அது மெதுவாவா பேசும்?”

நான் போயிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டேன். “நெசமா போட்டீங்களாக்கா, அப்ப?”

ஆமாம் என்ற பதிலை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் உரலை மூட்டைக்குள் செருகினார். நிதானமாக என்னைப் பார்த்தார்.

“எதுக்கு, எழுதிக்கிறதுக்கா?”

வரிசை நகரத் தொடங்கியது. நாத்தனார் வந்து, “ஏந்திரி மதினி, சலோ” என்று ஒரு கையில் மூட்டையையும் ஒரு கையில் மதினியின் முழங்கையையும் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்துதான் ஏறினார்கள். ஏணிப்படியில் நாத்தனார் பின்னால் நின்று முதுகைத் தாங்கிப் பிடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 10.50க்குக் கப்பல் நகர்ந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கார்டில் எழுதியதை அடித்துவிட்டுச் செய்முறைக் கோளாறு என்று எழுதினார்.  “அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. அதன்பிறகு செட்டை வெளிச்சத்தில் பிடித்து யாருக்கும் ஆரூடம் சொன்னதில்லை. கிரேன்காரர் வரும்போதெல்லாம் கேட்டுப் பார்த்தார். வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுவேன்.

அந்தப் பெண்மணியை மறுபடி பார்க்கவில்லை. 2011இல் ஒருமுறை, 2013இல் ஒருமுறை கச்சாலிலிருந்து ஆட்கள் பல் கட்ட வந்தார்கள். அதே தோட்டத்துக்காரர்கள். அவரைத் தெரியுமா என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வாய் திறக்கச் சொல்லி அளவைச் சரிபார்த்தேன், பழக்கத்தைக் கேட்டு எழுதினேன், அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரிந்தவை இவை. செட் அவசரத்தில் வெந்தது. அதில் துளைகள் இருந்தன. அதற்குக் காரணம் நான். முகாமின் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது என்று அவர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. 2006 நவம்பர் 24 முதல் 2008 பிப்ரவரி 11 வரை அவர் வெற்றிலை போட்டாரா, இல்லை நாலாம் நாள் காலையில் ஓய்ந்துபோய் அப்படிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. சரிபார்க்கப்படவில்லை.